ரணகள்ளி இலை குட்டி போட்ட கதை

செடிகொடிகளுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், மலையடிவாரத்துப் பாறையொன்றில் ஒரே ஒரு ரணகள்ளி நின்றது. தடித்த இலை, இலை நிறையத் தண்ணீர். ஆனால் விதை மட்டும் பிடிப்பதில்லை. பூக்கும், தொங்கும், உதிரும். தன் இனத்தில் தான் ஒருத்திதான் மிச்சம் என்று அதற்குத் தெரியும்.

ஆடு மேய்க்க வரும் மாரக்காள் அந்தப் பாறையடியில்தான் உட்காருவாள். வெயில் தாழும்வரை இருவருக்கும் பேச்சு ஓயாது.

அவளைக் கடற்கரைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். புறப்படுகிற அன்று பாறைக்கு ஓடிவந்து, "உன்னையும் கூட்டிட்டுப் போறேன்" என்று கள்ளியைப் பிடித்து இழுத்தாள்.

"விடு தாயி. வேர் அறுந்தா நான் பிழைக்கமாட்டேன். ஓர் இலையைக் கிள்ளிட்டுப் போ. வாடுற வரைக்கும் பேச்சுத்துணையா இருக்கும்" என்றது கள்ளி.

இலையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள் மாரக்காள். புகுந்த வீட்டில் அதைப் பார்த்த நாத்தனார் முத்துப்பேச்சி, "எதுக்கு அண்ணி இது? குழியில போடுங்க, எருவாகட்டும்" என்றாள்.

மாரக்காளுக்கு மனசு வரவில்லை. பழைய வலையிலிருந்து ஒரு நூலை உருவி, இலையைச் சன்னலில் கட்டித் தொங்கவிட்டாள்.

"கள்ளி, கடல் இரையுறது கேக்குதா?"

"கள்ளி மலையில இருக்கா. நான் வெறும் இலை. இன்னும் கொஞ்ச நாள்ல காஞ்சிடுவேன்" என்றது இலை.

"எனக்கு நீதான் கள்ளி. அப்படித்தான் கூப்பிடுவேன்."

அதன் பிறகு பல நாள் இலை வாயே திறக்கவில்லை. விளிம்பு சிவந்து சுருங்கியது. போய்விட்டது என்றே நினைத்து, அடுப்படியில் யாரும் பார்க்காமல் அழுதாள் மாரக்காள். அந்த ஊரில் அவளுக்கு வேறு யாரையும் தெரியாது.

ஒரு காலையில் சன்னலிலிருந்து குரல் வந்தது. "ஓரமெல்லாம் கூசுது. என்னன்னு பாரு."

இலை விளிம்பின் ஒவ்வொரு வெட்டிலும் கடுகுபோல் ஒரு பச்சைத் துளிர், அதன் அடியில் முடிபோல வெள்ளை வேர்.

"என்ன காரியம் பண்ணின?"

"கள்ளின்னு கூப்பிட்டியே. அந்தப் பேருக்குத் தகுந்தபடி ஏதாவது செய்யணும்னு தோணிச்சு. இருந்த தண்ணியை எல்லாம் ஓரத்துக்குத் தள்ளினேன்."

முத்துப்பேச்சி வந்து பார்த்தாள். "கட்டிப்போட்ட இலை குட்டி போட்டிருக்கு அண்ணி" என்று சிரித்தவள், அதைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

இலை நாளுக்கு நாள் மெலிந்தது. ஆனால் அதன் வாய் மட்டும் குறையவில்லை. குட்டிகளுக்குப் பெயர் வைப்பதும், எது முந்தி வளரும் என்று சண்டை மூட்டுவதுமாக இருந்தது. கடைசியில் சருகாகிக் காற்றோடு போகும்போதும் சிரித்துக்கொண்டேதான் போனது.

உடைந்த சட்டியிலும் சிரட்டையிலும் குட்டிகளை நட்டாள் மாரக்காள். "எனக்கு ஒண்ணு கொடு" என்று வீட்டுக்கு வீடு பெண்கள் வந்தார்கள். அவர்களோடு பேசிப் பழகி அந்த ஊர்க்காரியே ஆகிவிட்டாள்.

உப்பு விற்கப் போனவர் சேதியை மலைக்குக் கொண்டுபோனார். கேட்ட மாத்திரத்தில் பாறைக் கள்ளிக்கு இலைகள் அத்தனையின் ஓரமும் கூசத் தொடங்கிற்று.

அன்று முதல்தான் ரணகள்ளி இலையைக் கிள்ளி எங்கே கட்டித் தொங்கவிட்டாலும் அதன் விளிம்பில் குட்டிகள் முளைக்கின்றன. ஒரு குட்டி வேண்டுமென்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்டால், இல்லை என்று யாரும் சொல்வதுமில்லை.