குளியல் தொட்டிக்குள் கணக்கு

இரண்டு வாரமாக, விளக்கணைத்த பிறகு குளியலறைப் பக்கமிருந்து ஒரு சத்தம். ஏதோ பிறாண்டுவதுபோல் கீச், கீச் என்று கேட்கும், நிற்கும், பிறகு தண்ணீர் ஊற்றும் ஓசை. ஜெர்மனியில், டோர்ட்முண்ட் நகரத்தில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. கணவர் வியான்னிக்கு இரவு வேலை. நான் போர்வைக்குள் ஜெபமாலை சொல்லிக் கிடந்தேன்.

பயம் அது ஒன்றுதானா? மேசைமேல் ஒரு படிவமும் இருந்தது. எங்கள் மாநிலத்தில் பிள்ளைகள் நாலாம் வகுப்புவரை ஒன்றாகப் படிப்பார்கள். பத்து வயதில் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுவார்கள். பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோவது ஜிம்னாசியம்; பத்தாம் வகுப்போடு பெரும்பாலும் தொழிற்பயிற்சிக்கு அனுப்புவது ரெயால்ஷூலே; வேறு வகைகளும் உண்டு. ஆசிரியர் பரிந்துரைப்பார், முடிவு பெற்றோருடையது. என் கான்வென்டில் சிஸ்டர் சொன்னால் சொன்னதுதான். இங்கே என்னைக் கேட்கிறார்களே என்பதே எனக்கு நடுக்கம்.

மகள் இமெல்டாவின், எங்கள் இமியின், ஆசிரியர் ஃபிராவ் ஹோல்ஷர் கணக்குத் தாள்களைக் காட்டினார். இங்கே ஒன்றுதான் உயர்ந்த மதிப்பெண். அவள் வாங்கியதெல்லாம் மூன்று. நீள வகுத்தல் அத்தனையும் சரி. ஆனால் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதியிருந்தாள்.

"கவனம் நிலைக்கவில்லை. ரெயால்ஷூலே போதும். நன்றாகப் படித்தால் பின்னால் மாறிக்கொள்ளலாம்" என்றார்.

வியான்னி கொதித்துப் போனார். "என் மகளா? ஜிம்னாசியம்தான். நான் பாத்துக்கறேன்." தினமும் ஐந்திலிருந்து எட்டுவரை அவள் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்று வயதில் அவள் ஒருமுறை உள்ளே பூட்டிக்கொண்டு அழுததிலிருந்து, வீட்டின் உள்ளறைச் சாவிகள் எல்லாம் அலமாரிமேல் பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன.

இமியையே கேட்டேன். "ரெயால்ஷூலேக்கே போறேம்மா" என்றாள், வெடுக்கென்று.

முந்தாநாள் இரவு துணிந்து எழுந்துபோய்க் குளியலறைக் கதவைத் தள்ளினேன். தண்ணீரில்லாத தொட்டிக்குள் சம்மணமிட்டு இமி. சுவர் ஓடுகளில் சாக்பீஸால், வகுப்பில் இன்னும் தொடாத கணக்குகள். ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில், கழுவிவிட ஒரு வாளித் தண்ணீர். என்னைக் கண்டதும் கையாலேயே அழித்தாள்.

"அப்பாட்ட சொல்லிராதீங்கம்மா."

ஆசிரியர், அப்பா, மகள்: இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை அந்த ஏழெட்டில் இருக்கிறது. வாய்ப்பாடு தெரியாதவள் நீள வகுத்தலை முடிக்க மாட்டாள். எளியதை வேண்டுமென்றே தவறவிட்டிருக்கிறாள். ஏன் என்றேன். "ஜிம்னாசியம்னா இன்னும் ஒன்பது வருஷம் அப்பா பக்கத்துலயே உக்காந்திருப்பாங்களே!" பள்ளியைப் பொறுத்தமட்டில் வியான்னி சொன்னதே சரி, தப்பு அந்த நாற்காலி. "நீயே அப்பாட்ட சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றேன். மறுநாள் அவர் வந்ததும் சொன்னாள். "அவ்வளவு தொந்தரவா நான்?" என்றார். பிறகு நாற்காலியைத் தூக்கிக் கூடத்தில் போட்டார். பிஸ்கட் டப்பாவையும் அவரே இறக்கினார். "அப்போ ஜிம்னாசியமே எழுதுங்க" என்றாள் இமி. இருவரும் கையெழுத்திட்டோம். இதை எழுதிக்கொண்டிருக்கையில் அவள் அறையில் உள்ளிருந்து சாவி திரும்புகிறது. ஒருமுறை, சந்தேகத்துக்கு இன்னொருமுறை.