மாப்பிள்ளை அழைப்பு

போர் முடிந்த பிறகும், மன்னரின் படை பிடித்துக்கொண்டு போன பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "எல்லோரும் என் காவலில் சுகம். இடம் மட்டும் ரகசியம்" என்றார் மன்னர்.

மனைவியை இழந்த ஆட்டிடையர் சடையாண்டி வெற்றிலைத் தட்டோடு சபைக்குப் போனார்.

"மகாராஜா, என் ஒரே மகனுக்குப் பொண்ணு பார்த்திருக்கேன். தை முகூர்த்தத்துக்கு அவனை அனுப்பி வைக்கணும்."

"முடியாது."

"மாசியில?"

"முடியாது."

"பரவாயில்லைங்க. உயிரோடதானே இருக்கான்? பொண்ணு காத்திருக்கும். நான் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வந்து கேக்கிறேன்."

மன்னர் எரிந்து விழுந்தார். "அந்தப் பெண்ணை வேறு எவனுக்காவது கட்டிக்கொடுக்கச் சொல்லய்யா!"

வாசலில் காத்து நின்ற தாய்மார் ஓவென்று அழுதார்கள்.

சடையாண்டி பெண் எதுவும் பார்த்திருக்கவில்லை. தினமும் மகனுக்கும் சேர்த்துச் சோறு வடித்தவர், அன்று தனக்கு மட்டும் அரிசி போட்டார்.