இடையில் ஒரு ரீடிங்

மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற கையோடு சங்கரபாண்டியன் குவாண்டம் தொழில்நுட்பம் படிக்கப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அவருக்கு வாய்த்த குரு தாட்சாயணி. குருவுக்கு அவர் மகள் வயதுகூட இல்லை.

துறையில் குவாண்டம் கணினி என்று ஓர் எந்திரம் இருந்தது. அதன் வயிற்றுக்குள் இருக்கும் குளிருக்கு முன்னால் மார்கழிப் பனியெல்லாம் வெந்நீர். அந்தக் குளிரில் பொட்டளவு சிப் ஒன்று. அதை வைத்து ஒரு கணக்கைப் போட்டு முடித்தால்தான் சங்கரபாண்டியனுக்குப் பட்டம். எந்திரம் அவருக்கு அன்று சாயங்காலம் வரைதான். விட்டால் இன்னொரு வருஷம் போகும்.

காலையிலிருந்து ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் விடை குப்பை. எந்திரம் பழுது, துறைத் தலைவரிடம் சொல்லப் போகிறேன் என்று குருவிடம் வந்து நின்றார்.

தாட்சாயணி அவருடைய புரோகிராமைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு வரிக்கும் அடியில் ஓர் அளவீடு, அதாவது சிப் என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லும் கட்டளை, செருகியிருந்தது.

"இதெல்லாம் எதுக்கு சார்?"

"சரியாப் போகுதான்னு பாக்கத்தான் மேடம். மீட்டர் பாக்காம எனக்குக் கை ஓடாது. பாத்ததுல என்ன கெட்டுப்போச்சு?"

சாப்பிட்டாயிற்றா என்று குரு விசாரித்தார். தயிர் சாதம் ஆயிற்று என்றார் இவர். அப்படியென்றால் அந்த பெஞ்சில் ஒரு குட்டித் தூக்கம் போடுங்கள் என்றார் குரு.

சங்கரபாண்டியனின் மத்தியானத் தூக்கம் வாரியத்தில் பிரசித்தம். பக்கத்தில் டிரான்ஸ்பார்மர் வெடித்தபோது, கண்ணைத் திறக்காமலே அதை அதட்டிவிட்டுப் புரண்டு படுத்தாராம். சொன்னவர் என்னைப் போல, பொய்யே பேசமாட்டார்.

கண் சொருகியது.

"சார், தூங்கிட்டீங்களா?"

"இல்ல மேடம்."

மறுபடி சொருகியது. மறுபடி கேட்டார். அரைமணி நேரம் இதே கதை. கடைசியில் சங்கரபாண்டியன் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா மனுஷன் எப்படித் தூங்குவான்?"

"உங்களுக்கு வாய் இருக்கு, சொல்லிட்டீங்க. சிப்புக்கு இல்லையே சார்."

சங்கரபாண்டியன் எழுந்து போய்க் கணினி முன் உட்கார்ந்து, கடைசி அளவீட்டை மட்டும் விட்டு, மற்றதையெல்லாம் அழித்தார். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஓர் ஓட்டத்துக்குத்தான் நேரம். பொத்தானில் விரல் வைத்தவர் அழுத்தாமல் திரும்பினார்.

"நடுவுல தப்பாப் போனா நமக்கு எப்படி மேடம் தெரியும்?"

"தெரியாது சார். அழுத்திட்டு வாங்க, டீ குடிக்கலாம்."