மஞ்சள் கட்டு

விடியற்காலை ஐந்து மணிக்கு மடத்துக் கிணற்றடியில் பதினோரு பேர் நின்றார்கள். பன்னிரண்டாவது ஆள் நல்லசிவம் கடைசியாக வந்தார். வலது கையில் மஞ்சள் தடவிய கட்டு.

தன் பங்குத் தண்ணீரை மூன்று நாள் இறைக்காதவர் மடத்தை விட்டுப் போக வேண்டும். காயம்பட்டவருக்கு மட்டும் விலக்கு. நல்லசிவம் இரண்டு நாளாக இறைக்கவில்லை.

"சாயங்காலம் தாளம் போடுற கை காலையில கயிறு பிடிக்காதோ?" என்று முந்தின நாள் சிரித்த முத்தப்பன் இப்போது பதறினார்.

"என்னண்ணே, முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சின்னக் காயம்தான்."

"நாளைக்குக் காலையில நானே அவிழ்த்து மருந்து வெச்சுக் கட்டுறேன். ஆஸ்பத்திரியில அதுதானே என் வேலை."

அன்று நல்லசிவத்தின் பங்கையும் முத்தப்பனே இறைத்தார்.

மாலைப் பூசையில் தாளம் வேறொருவர் கையில் ஒலித்தது. பூசை முடிந்ததும் நல்லசிவம் மடத்தின் தலைவி அன்னபூரணி அம்மாளிடம் போனார். அம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"காயமே இல்லைம்மா. எழுந்திரிக்கிறப்போ விரல் மடங்காது, உசிர் போகும். மதியத்துக்கு மேல விட்டுரும். முடக்குவாதமாம். தீராதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"மடங்காத விரலை வெச்சுக் கட்டு எப்படிப் போட்டீங்க?"

"நேத்து சாயங்காலமே போட்டுட்டேன். அப்ப மடங்குச்சு."

அம்மாள் சிரித்தார். நல்லசிவம் சிரிக்கவில்லை.

"நாளைக்குப் பார்த்தா போகச் சொல்லிருவாங்க. எனக்குப் போக இடமில்லை. நான் என்ன செய்யட்டும்?"

"கையை நீட்டுங்க."

அம்மாள் கட்டை அவிழ்த்து, துணியை மடித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

"காலையில கிணத்தடிக்கு வாங்க."

காலையில் முத்தப்பன் மருந்துக் கிண்ணத்தோடு காத்திருந்தார். கட்டில்லாமல் வந்த நல்லசிவத்தின் கையைப் புரட்டிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"ஏமாத்திட்டீங்களேண்ணே!"

"ஏமாத்தினது நெசம்தான்," என்றார் கூடவே வந்த அம்மாள். "அந்த விரலை மடக்கிப் பாருங்க."

முத்தப்பன் மடக்கினார். நல்லசிவத்தின் மூச்சு நின்று வந்தது. முத்தப்பன் சட்டென்று கையை விட்டார்.

"வெளியில ஒண்ணுமே தெரியலையேம்மா."

அம்மாள் மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்தார்.

"நேத்து நீங்க தண்ணி இறைச்சது இவருக்கா, இந்தத் துணிக்கா?"

முத்தப்பன் கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனார்.

மறு ஆண்டு தை ஏழாம் தேதி காலை முத்தப்பன் கிணற்றடிக்கு வரவில்லை. அவர் பங்கை அன்று மாலை நல்லசிவம் இறைத்தார். காரணம் கேட்கவில்லை.