ஒரு சொட்டும் இறங்காத தளம்

உப்பங்கழி நடுவில் ஒரு திட்டு, திட்டின் மேல் ஒரு மடம். மடத்துச் சாமிக்கு வயது நாற்பதுகூட இருக்காது. விடியுமுன் படித்துறையில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவருடைய சீடர் வீரபத்திரன் அறுபதைத் தாண்டிய தச்சர். சின்ன வயசுக்காரரைப் போய்க் கும்பிடுகிறாரே என்று கரையில் கேலி பேசினார்கள். வீரபத்திரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காதில் எதுவுமே ஏறாது என்பதுதான் கஷ்டம்.

உப்பளக்காரர் ஒருவர் தன் தாத்தா காலத்து மோட்டார் படகை மடத்துக்குக் கொடுத்திருந்தார். இஞ்சின் நன்றாக ஓடியது. மேல்தளம்தான் பாழ். தேக்குப் பலகைகள் காய்ந்து, நடுவே சாவி நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டிருந்தன. ஆடி அமாவாசைக்குச் சனங்கள் அதில்தான் வந்து போகவேண்டும். ஓட்டப்போவது வீரபத்திரனின் ஒரே மகள் வடிவு. லைசென்ஸ் எடுத்துவிட்டாள்.

அவளுக்கு நாலு வயதானபோது அப்பன், அம்மா, மகள் மூவரும் இதே கழியில் ஒரு படகில் போனார்கள். தளம் ஒழுகி, இஞ்சின் நனைந்து நின்று, காற்றில் படகு கவிழ்ந்தது. தண்ணீருக்குள் துழாவிய கைக்கு மகளின் பாவாடை நாடா அகப்பட்டது. மனைவி அகப்படவில்லை. அன்று முதல் வடிவு படகில் ஏறினால் இடுப்பில் பருத்திக் கயிறு. மறுமுனை அப்பன் கையில். இப்போது அவளுக்கு இருபத்தாறு.

"சாமி, ஒரு சொட்டுத் தண்ணிகூட இறங்காம தளம் போட முடியுமா?"

"போட்டுப் பாருங்க."

வைகாசி வெயில் மண்டையைப் பிளந்தது. வீரபத்திரன் இடுக்குகளைச் சுரண்டி, பஞ்சைத் திரியாய்த் திரித்து, உளியை வைத்துக் கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் அடித்து இறக்கினார். ஒரு திரி போதும் என்ற இடத்தில் மூன்று. மடமே அதிர்ந்தது.

சாமி அந்தப் பக்கம் வந்தார்.

"பஞ்சு ஜாஸ்தியா போகுதே, வீரபத்திரரே."

"இடுக்கு கேக்குது சாமி. குடுக்கிறேன்."

சாமி போய்விட்டார்.

காலையில் வடிவு காப்பியோடு வந்தாள். தலை சொட்டச் சொட்ட ஈரம், கழித் தண்ணீரின் உப்பு வாடை.

"தினமும் இதே கதைதானா? ஈரத் தலையோட நிக்காதே, சளி பிடிச்சுக்கும்."

"போதும்பா. பலகைக்கு மூச்சு முட்டுது."

"உனக்கு என்ன தெரியும்?"

"ஓட்டத் தெரியும்."

"ஓட்டு. கயித்தைக் கட்டிக்கிட்டு ஓட்டு. நான் பின்னால பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்."

வடிவு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஊரே பாக்க இடுப்புல கயிறோட நிக்க மாட்டேன். கயிறுதான்னா சொல்லு, தூத்துக்குடியில துறைமுகப் படகு வேலைக்குக் கூப்பிடறாங்க. அமாவாசை முடிஞ்ச மறுநாள் போயிடறேன். அவ்வளவு தூரத்துக்கு எங்க கயிறு வாங்குவே?"

கொட்டாப்புளி இன்னும் பலமாக விழுந்தது.

வேலை முடிந்தது. மேலே குங்கிலியப் பிசின் குழம்பு பூசிக் காயவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் கொட்டினார். டார்ச்சோடு உள்ளே தவழ்ந்து பார்த்தார். பொட்டு ஈரம் இல்லை. மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சாமியைக் கூட்டிவந்தார்.

சாமி பார்த்தார். கிடந்த சாக்குகளையெல்லாம் நனைத்துத் தளம் முழுக்க விரித்தார்.

"காய விடாதீங்க. நனைச்சுக்கிட்டே இருங்க."

"எதுக்கு சாமி?"

"ஆடிக் காத்துல இதுமேல அலை அடிக்கும். பலகை பழகட்டும்."

இருவருமே தண்ணீர் சுமந்தார்கள். அமாவாசை நெருங்கியது. வடிவு அப்பனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். அவளுடைய பை கட்டி மடத்து வாசலோரம் இருந்தது. வீரபத்திரன் அதைப் பார்க்காதவர்போல் தாண்டிப் போவார், வருவார்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது 'டக்' என்று கேட்டது. கை கழுவாமல் ஓடினார். பித்தளைத் திருகாணி ஒன்று தலை தெறித்துக் கிடந்தது. சாக்கை விலக்கினார். நடுப்பலகை வயிறு உப்பினாற்போல் எழும்பியிருந்தது. ஏறி அதன்மேல் நின்றார். பக்கத்துப் பலகை எழும்பியது. ஒரு காலை அதில் ஊன்றினார். முதுகுக்குப் பின்னால் மறுபடியும் 'டக்'.

"சாமி, சும்மா நிக்கிறீங்களே. வந்து அந்தப் பலகை மேல நில்லுங்க."

சாமி அசையவில்லை.

"எத்தனை பலகை மேல நிக்கப் போறீங்க?"

காலை அகட்டியபடி வீரபத்திரன் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சேதானே நனைக்கச் சொன்னீங்க?"

"ஆமா."

"அடிக்கும்போதே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன்."

அவர் தளத்தில் உட்கார்ந்தார். எழும்பிய பலகையைச் சோற்றுக் கையாலேயே தடவினார்.

"காஞ்சு சுருங்கின பலகையைப் பாத்து அடைச்சேன். ஊறினா எங்க போகும், பாவம்" என்றார். அழுகை வந்துவிட்டது.

அடித்த பஞ்சையெல்லாம் தோண்டி எடுத்தார். குங்கிலியத்தில் ஊறிய பஞ்சு, எதற்கும் உதவாது. பலகைகளைப் படியவைத்துப் புது ஆணி முடுக்கினார். மடத்தில் மிச்சமிருந்த பஞ்சு பாதித் தளத்தோடு தீர்ந்தது. கரைக்குப் போய் வாங்கவும் வழியில்லை. காற்று ஏறிவிட்டது, சின்னப் படகு இறங்காது. பொழுது விடிந்தால் அமாவாசை.

"உங்ககிட்ட பருத்திக் கயிறு ஒண்ணு இருக்கே" என்றார் சாமி.

கயிறு வீரபத்திரனின் தோளில்தான் கிடந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சாமி, இது வேண்டாம்."

சாமி பக்கத்தில் உட்கார்ந்தார். கயிற்றின் நுனியை மட்டும் எடுத்து முறுக்குப் பிரித்தார். மூன்று புரி விட்டது. நீட்டினார்.

ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்த வடிவு கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

வீரபத்திரன் வெகுநேரம் அந்தப் புரிகளையே பார்த்தார். பிறகு ஒரு புரியை உருவி இடுக்கில் வைத்தார். கொட்டாப்புளியைத் தொடவில்லை, உளியால் மெல்ல அழுத்தினார். அடுத்த புரி. அடுத்தது. ஸ்டியரிங் பக்கத்து இடுக்குவரை வந்தார். கையில் ஒரு முழக் கயிறு மிஞ்சியது. கை நின்றுவிட்டது.

"சாமி, இதையும் பிரிச்சுட்டா, அவ விழுந்தா நான் எதைப் பிடிச்சு இழுப்பேன்?"

சாமி அவரைப் பார்த்தார்.

"தினம் காலையில உங்க மக தலை எதனால ஈரமா இருக்குன்னு நெனச்சீங்க?"