படகுக்காரி கேட்ட மண ஓலை

முன்னொரு காலத்தில், பெரிய ஆறு ஒன்று குறுக்கே ஓடும் நாட்டை ஆண்ட மன்னருக்கு ஒரு விசித்திர ஆசை பிடித்துக்கொண்டது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் தாமே பேசி முடிக்க வேண்டும்! பொருத்தம் பார்ப்பதிலிருந்து பந்தியில் பாயசம் பரிமாறுவதுவரை எல்லாம் அவர் சொன்னபடிதான். அப்படித்தான் பண்டார அதிகாரி தாண்டவராயருக்கும் படகுத்துறை வடிவாம்பாளுக்கும் நிச்சயம் ஆயிற்று.

வடிவாம்பாளுக்குத் தகப்பனார் விட்டுப்போனவை பத்துப் படகுகள். பெண் பார்க்க வந்த அன்று தாண்டவராயர் அவளைப் பார்த்ததைவிடப் படகுகளைப் பார்த்ததுதான் அதிகம். அவள் நேரே அரண்மனை விகடன் மருதப்பனிடம் போனாள்.

"ஐயா, ஆளை எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் பார்வை போகிற இடம்தான் பிடிக்கவில்லை. படகுகள் என்னுடையவை என்று தாலிக்கு முன்னாலேயே ஓர் ஓலை எழுதிவைக்கலாமா?"

"தாராளமாக எழுதலாம், அம்மா" என்றான் மருதப்பன்.

செய்தி தாண்டவராயருக்கு எட்டியது. தம் கொண்டைக்குத் தினம் வாசனைத் தைலம் தடவிக்கொண்டு சபைக்கு வந்தும், மருதப்பன் முகத்தையே மன்னர் பார்க்கிறாரே என்று ஏற்கெனவே அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மன்னர்பிரானே! தாங்கள் சேர்த்துவைக்கும் கல்யாணத்தில் இந்த விகடன் பிரிவினை ஓலை எழுதச் சொல்கிறான்!" என்று முறையிட்டார்.

மன்னருக்குக் கோபம் வந்துவிட்டது. "மருதப்பா, ஓலையை நீயே எழுது. என்னுடையது, உன்னுடையது என்று பிரிக்கும் சொல் ஒன்றுகூட உன் எழுத்தில் இருக்கக் கூடாது. படகுகளும் அவளை விட்டுப் போகக் கூடாது. தவறினால் நாட்டை விட்டு நீ போக வேண்டியதுதான்."

மருதப்பனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. துறைக்குப் போய் உட்கார்ந்து, வடிவாம்பாளிடம் அவளைப் பற்றிய சங்கதிகளை ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டான்.

மறுநாள் சபையில் ஓலையைப் படித்தான்: "வடிவாம்பாளைச் சேர்ந்த அனைத்தும், கையொப்பம் விழுந்த நொடி முதல் தாண்டவராயரைச் சேரும்."

வடிவாம்பாள் திடுக்கிட்டாள். தாண்டவராயரோ எழுத்தாணியைப் பிடுங்கிக் கையொப்பம் இட்டுவிட்டார்.

மருதப்பன் கைகூப்பினான். "மிக்க மகிழ்ச்சி. முதலில் அம்மாளின் வேண்டுதல். போன வருஷ வெள்ளத்தில் படகுகள் தப்பினால் மலைக்கோயிலில் மொட்டை போடுவதாக நேர்ந்திருக்கிறார். இனி அது தங்களுடையது. வாசலில் வண்டி நிற்கிறது, நாவிதரும் ஏறிவிட்டார்."

தாண்டவராயர் இரண்டு கையாலும் கொண்டையைப் பற்றிக்கொண்டார்.

"அடுத்தது மூக்குத்தி. துளை போடத் தட்டாரும் வந்திருக்கிறார். அப்புறம், விடியும் முன் முதல் படகைத் துடுப்புப் போட்டு ஓட்டுவது அம்மாளின் முறை. நாளை முதல் தாங்கள்..."

"வேண்டாம் மன்னா!" என்று அலறினார் தாண்டவராயர். "அவளுடையது அவளுக்கே இருக்கட்டும்! ஒரு துடுப்புகூட எனக்கு வேண்டாம்!"

மருதப்பன் எழுத்தர் பக்கம் திரும்பினான். "சொன்னதை அப்படியே பதிந்துகொள்ளும். மன்னா, பிரிக்கும் சொல் என் எழுத்தில் இல்லை. மாப்பிள்ளை வாயிலிருந்துதான் வந்தது."

தாண்டவராயர் வேறு வழியின்றி அதிலும் கையொப்பம் இட்டார்.

"பெண்ணே, இனியும் இவரைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா?" என்று மன்னர் கேட்டார்.

"சம்மதம், மன்னா. இனி அவருக்குப் பார்க்க நான் மட்டும்தானே மிச்சம்!"

மன்னர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதப்பனிடம் நீட்டினார். அவன் வாங்காமல் தலையைச் சொறிந்தான்.

"என்னப்பா தயக்கம்?"

"நானும் என் மனைவியும் ஓலை எழுதிக்கொள்ளவில்லை, மன்னா. வீட்டு வாசற்படி தாண்டினால் இது அவளுடையது. எனக்கென்று ஒன்று..."

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்து, பக்கத்தில் இருந்த அரசியாரின் கழுத்து மாலையையும் அவன் மனைவிக்கென்று கேட்டு வாங்கிக் கொடுத்தனுப்பினார்.