துரைக்கல்லில் இன்னொரு பேர்

சாலையோரம் ஒரு வேப்பமரம். அதன் கீழே ஒரு கல். ஊர்க்காரர்கள் அதைத் துரைக்கல் என்பார்கள். இங்கிலீஷ் கும்பினிக்காரர்களை எதிர்த்துக் கிளம்பிய படைக்குப் பயிற்சி கொடுத்த பெர்னார் துரை, கடல் தாண்டிப் பிறந்தவர், அங்கேதான் குண்டுபட்டு விழுந்தார். கல்லில் அவர் பேர் மட்டும் இருந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம் குருவம்மாவின் குடில். அவளிடம் சீடனாக இருந்த சடையன் அவளைவிட மூத்தவன். அந்தப் படையில் சண்டை போட்டவன். காலையில் கண்ணை மூடி உட்காருவான். யாராவது கல்லுக்கு மாலை போட்டால் ஒரு கண் தானாகத் திறந்துகொள்ளும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து வந்தான்.

"அம்மா, ஒண்ணு கேட்கணும்."

"கேள்."

"துரைக்கு நம்ம பேச்சு வராது. இடது, வலதுன்னு அவர் பாஷையில கத்துவார். நம்ம ஆளுங்க ஒருத்தன் மேல ஒருத்தன் முட்டிக்குவான். ஒரு கால்ல ஓலை, மறுகால்ல சீலைத்துணி கட்டி, ஓலைக்கால் சீலைக்கால்னு நடக்க வச்சது யாரு? நான். மாலை யாருக்கு?"

"துரைக்கு."

"இது நியாயமா?"

"உனக்கு என்ன வேணும்?"

"அந்தக் கல்லுல என் பேர். நாலே எழுத்து."

திட்டுவாள் என்று நினைத்தான். அவள் உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்து வந்து கொடுத்தாள்.

"ஆழமா வெட்டு. மழையில அழிஞ்சிடப் போகுது."

சடையன் போனான். துரையின் பேருக்குக் கீழே நிறைய இடம் இருந்தது. அவனோ அந்தப் பேருக்கு மேலே இடம் பார்த்து உளியை வைத்தான்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்க."

இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி நின்றாள். நடக்கப் பிந்தும் பிள்ளைகளை அங்கே கொண்டுவருவது வழக்கம். படைவீரனுக்குக் கட்டிய மாதிரியே காலில் கட்டி, கல்லைச் சுற்ற வைப்பார்கள். அவள் பிள்ளையை இறக்கி, வலது காலில் ஓலையைக் கட்டினாள்.

"ஓலை அந்தக் கால்ல இல்லம்மா. இடது கால்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"துரைக்கே நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

அவள் சிரித்துவிட்டாள். "எங்க ஊர்ல மாடு மேய்க்கிறவரும் இதையேதான் சொல்லிட்டுத் திரியறாரு."

சடையனுக்குக் காது சுட்டது.

அவள் ஓலையை அவிழ்த்து மாற்றிக் கட்டினாள். "ஒன்றரை வயசு தாண்டிடுச்சு அண்ணே. இன்னும் நிக்கவே மாட்டேங்கிறான். மாமியார் வாய்க்கு நான்தான் அகப்படறேன். நான் பிடிச்சா மடியில ஏறிக்குவான். நீங்க பிடிங்களேன்."

உளியைக் கீழே வைத்தான். பிள்ளை அவன் விரலைப் பிடித்தது. கையெல்லாம் எச்சில்.

"ஓலைக்கால்," என்றான்.

பிள்ளை தன் காலைக் குனிந்து பார்த்தது.

"சீலைக்கால்."

ஒரு எட்டு. பொத்தென்று உட்கார்ந்தது. தூக்கி நிறுத்தினான். மறுபடி விழுந்தது. மறுபடி நிறுத்தினான். வெயில் ஏறி உச்சிக்கு வரும்போது கல்லை ஒரு சுற்று சுற்றியிருந்தது.

அவள் அழுதுகொண்டே, கொண்டுவந்திருந்த மாலையைக் கல்லுக்குப் போட்டாள். "துரை கண்ணைத் திறந்துட்டாரு," என்று கும்பிட்டாள்.

சடையன் உளியோடு திரும்பினான்.

"வெட்டிட்டியா?" என்றாள் குருவம்மா.

"இல்ல."

"ஏன்?"

"கை ஒழியல. அந்தப் பய விரலை விடவே இல்ல."

"மாலை?"

"அவருக்குத்தான்." பல்லைக் கடித்தபடி சொன்னான்.

அப்போது வாசலில் ஒரு குரல். "பிள்ளையை நடக்க வைக்கிற அண்ணன் இங்கேயா இருக்காரு?" இடுப்பில் ஒரு பிள்ளையோடு வேறொருத்தி நின்றாள். கையில் துரைக்கு ஒரு மாலை.

சடையன் குருவைப் பார்த்தான்.

"உளி உன்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் குருவம்மா. "கை ஒழியறப்ப வெட்டிக்கோ."